அம்மன் கட்டிய கிளிப் பார்டர்

முன்னால் நின்ற ஆள் அம்மனைக் கும்பிடவே இல்லை. சுற்றிலும் அத்தனை பேரும் கையைத் தலைக்கு மேலே தூக்கியிருக்க, அவன் மட்டும் போனைத் தூக்கி, இரண்டு விரலால் திரையை அகட்டி அகட்டி, அம்மனின் முகத்தை விட்டுச் சேலைக்கு வந்தான். சேலையில் தேடித் தேடிக் கரைக்கு வந்து நின்றான். ஐந்தாறு படம் எடுத்தான். பிறகு அம்மன் பக்கம் திரும்பியும் பார்க்காமல் கூட்டத்துக்குள் புகுந்துவிட்டான்.

நான் மகள் ஷாலினியின் காதைக் கடித்தேன்.

"அந்த ஆளு சரியில்ல, பாத்தியா?"

"டிசைன் எடுக்கறான்மா. போட்டோவ சாஃப்ட்வேர்ல போட்டா கிராஃப் வந்துடும். இதுக்கெல்லாமா டென்ஷன் ஆவே?"

இதுக்கெல்லாம்தான் நான் டென்ஷன் ஆவேன். உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது, நான் பிறவிச் சந்தேகப் பிராணி. மாசித் திருவிழாவுக்கு விளக்கு வைத்த நேரத்தில் ராஜ வீதியில் ஒரு சுற்று நடந்துவிட்டு வரலாம் என்று செவிலிமேட்டிலிருந்து டவுன் பஸ் பிடித்து வந்தோம். வந்தவள் விளக்கைப் பார்த்தேனா என்றால் அதுதான் இல்லை. தெருவின் குறுக்கே பச்சை நீலம் என்று மாறி மாறி எரியும் வளைவுகள், பல்பிலேயே செய்த இரண்டு ஆள் உயர அம்மன், கரும்பு, கிளி. கிளியின் சிறகு வேறு அணைந்து அணைந்து எரிகிறது. மைக்கில் போலீஸ்காரர், "பொதுமக்கள் கழுத்து நகைகளைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொள்ளவும்" என்று சொல்வதற்கு முன்னாலேயே நான் மூடிப் பின் குத்தியாகிவிட்டது. அன்னதானத்துக்கு என்று ஒரு பையன் ஸ்கேன் பண்ணும் அட்டையை நீட்டினான். எந்தக் கோயில், யார் பேர் என்று நான்கு கேள்வி கேட்டேன். ஐந்தாவது கேள்விக்குள் அவன் வேறு ஆள் பார்க்கப் போய்விட்டான். "டைரக்டா வீவர் வீட்டுக்கே கூட்டினு போறேம்மா, கடை விலையில பாதி" என்று ஒட்டிக்கொண்ட ஆட்டோக்காரரை மட்டும் நான் ஒன்றும் கேட்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் பட்டுக் கடையில் சேலை விரித்துப் போட்டவள் நான். அவர் எந்த வீட்டுக்குக் கூட்டிப் போவார், அந்த வீட்டு அலமாரிக்குச் சேலை எந்தக் கடையிலிருந்து வந்தது என்பதெல்லாம் எனக்குத் தெரியும்.

அன்று சந்தேகத்தின் பெரும்பங்கு ஷாலினியின் மேல்தான். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கம்பெனியில் வேலை. விடியும் முன் கம்பெனி பஸ் வந்து அள்ளிக்கொண்டு போகும். ஞாயிற்றுக்கிழமை என்றால் போனும் கையுமாகப் படுத்துக் கிடப்பாள், சாப்பிட எழுப்புவதே பாடு. அப்படிப்பட்டவள் அன்று தானாக வந்து, "வாம்மா, லைட் பாத்துட்டு வரலாம்" என்றாள். சேலை கட்டியிருந்தாள். பூ வைத்திருந்தாள். இருபத்து நான்கு வயதுப் பெண் தானாக வந்து அம்மாவைத் திருவிழாவுக்குக் கூப்பிட்டால் எந்தத் தாய் நம்புவாள், நீங்களே சொல்லுங்கள். பஸ்ஸில் போன் முணுக்கென்றபோதெல்லாம் திரையை மடியில் கவிழ்த்துக்கொண்டாள். வீட்டுக்குப் போனதும் அவள் அப்பாவிடம் ஒரு வார்த்தை போட்டுவைக்க வேண்டும் என்று அப்போதே தீர்மானித்துவிட்டேன்.

அம்மன் வாகனத்துக்குப் பின்னால் ஜெனரேட்டர் வண்டி வந்தது. டீசல் புகையும் மல்லிகை வாசனையும் கலந்து ஒன்றாக மூக்கில் ஏறியது. விளக்கு எவ்வளவோ மாறிவிட்டது, அந்த நாற்றம் மட்டும் மாறவில்லை. அது மூக்கில் ஏறியதும் எனக்கு வசந்தாவின் ஞாபகம் வந்துவிட்டது. அவளும் நானும் இதே புகைக்குப் பின்னால் நடந்து இருபத்தெட்டு வருடம் இருக்கும்.

அப்போது காந்தி ரோட்டில் ஒரு பட்டுக் கடையில் இருவரும் வேலை பார்த்தோம். வசந்தா பிள்ளையார்பாளையத்துப் பெண், தறிக்காரர் வீடு. எங்கள் வீட்டில் தறி கிடையாது, அப்பாவுக்குப் பாலாற்றோரம் கொஞ்சம் நிலம். ஆகவே நான், உடலையும் கரையையும் தனித்தனி நூலில் நெய்து கோக்கிற கோர்வைக்கும் சாதாரணக் கரைக்கும் வித்தியாசம் தெரியாமல்தான் வேலையில் சேர்ந்தேன். சொல்லிக் கொடுத்தது அவள்தான். மத்தியானம் ஒரே டப்பாவில் சாப்பிடுவோம். யார் வந்தாலும் முதலில் கண்ணால் அளந்துவிட்டுத்தான் நான் பேசுவேன் என்பதால் எனக்கு அவள் வைத்த பெயர் சிஐடி.

"ஏய் சிஐடி, அந்தம்மா வாங்குமா, சும்மா பாத்துட்டு போவுமா?"

"சும்மாதாண்டி. செருப்ப வாசல்ல விடாம கையில வச்சினு இருக்குது பாரு."

பெரும்பாலும் நான் சொன்னது சரியாக இருக்கும். அதுதான் என்னைக் கெடுத்தது என்று இப்போது நினைக்கிறேன்.

எங்கள் முதலாளி அந்த வருடம் கல்யாண மாதங்களுக்காக ஒரு புதுக் கரை போட்டார். கரை முழுக்க ஒரு கரும்பு ஓடும். கணுவுக்கு ஒரு கிளி உட்கார்ந்திருக்கும். இரண்டு கிளி முன்னால் பார்க்கும், மூன்றாவது கிளி மட்டும் கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்க்கும். முந்தியில் பெரிய கூண்டு ஒன்று, கதவு திறந்திருக்கும், உள்ளே கிளி இருக்காது. அதுவரை யாரும் அப்படிப் போட்டதில்லை. எங்கள் ஊரில் புதுக் கரை என்பது கல்யாணம் நிச்சயமாகாத பெண்ணைப் போல, வெளியே தெரியாமல் பொத்திப் பொத்தி வைப்பார்கள். ஒரு கடையில் போட்டது அடுத்த கடைக்குப் போய்விட்டால் அந்தப் பருவமே போயிற்று. கரை, முந்தி இரண்டையும் கட்டம் கட்டமாக வரைந்த கிராஃப் தாளை முதலாளி இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். ஐயம்பேட்டையில் அதை நெய்தவர், தறி இருக்கும் அறைக்குள் சொந்த மச்சானைக்கூட விடவில்லை. முதல் சேலை நெய்து முடிந்து கடைக்கு வந்தபோது சாப்பாட்டுக் கூடைக்குள், வாழை இலைக்கு அடியில் வந்தது. கடையில் அதைப் பார்த்தது முதலாளி, நான், வசந்தா, மூன்றே பேர். இரண்டு பெண்களும் அம்மன் படத்தின் முன்னால் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தோம்.

அப்புறம் என்ன செய்தோம் தெரியுமா? புதுக் கரையில் முதல் சேலையை விற்கக் கூடாது, அம்மனுக்குச் சாத்த வேண்டும் என்பது எங்கள் முதலாளி வழக்கம். அந்த மாசித் திருவிழாவில் அந்த முதல் சேலையைக் கொண்டுபோய்க் கோயிலில் கொடுத்தோம். அம்மன் அதைக் கட்டிக்கொண்டு, நூறு டியூப் லைட் வெளிச்சத்தில், நான்கு ராஜ வீதியும் சுற்றி வந்தாள். வீதி நெடுக நின்றவர்களில் பாதிப் பேர் தறியில் உட்காருகிறவர்கள். முதலாளி கண்ணில் நீர் முட்டக் கும்பிட்டார். நானும் வசந்தாவும் கும்பிட்டோம். ஊரே கும்பிட்டது. கும்பிடுகிற கைக்கு மேலே இரண்டு கண் இருக்கிறது என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. இப்படி ஒரு முட்டாள்தனத்தை எங்கள் ஊர்க்காரர்கள்தான் செய்ய முடியும்.

அன்று மாலை கூட்டத்தில் வசந்தா என்னைவிட்டுக் கொஞ்சம் பின்தங்கினாள். திரும்பிப் பார்த்தேன். வளையல் கடை ஓரமாக நின்று ஒரு ஆளோடு பேசிக்கொண்டிருந்தாள். எங்களுக்கு எதிர் வரிசைப் பட்டுக் கடையில் பில் போடுகிறவர் அவர். மடித்த தாள் ஒன்றை இடுப்பிலிருந்து எடுத்து அவரிடம் கொடுத்தாள். அவர் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். என்னிடம் வந்து சேர்ந்ததும், "பூ வாங்கப் போனேண்டி" என்றாள். கையில் பூ இல்லை.

எனக்குச் சுருக்கென்றது. கிளிக் கரையைப் பற்றி அப்போது நான் நினைக்கவே இல்லை. என்னிடம் சொல்லாமல் இவளுக்கு ஒரு விஷயமா என்ற பொறாமைதான். அதை அன்றைக்கே கேட்டுத் தொலைத்திருக்கலாம். கேட்காமல் மனதுக்குள் போட்டு மூடிவைத்துக்கொண்டேன்.

சித்திரை பிறப்பதற்குள் எதிர் வரிசைக் கடையின் கண்ணாடி அலமாரியில் கிளிக் கரை தொங்கியது. அதே கரும்பு, அதே கணு, மூன்றாவது கிளி அதே மாதிரி திரும்பிப் பார்த்துக்கொண்டு. முந்தி மட்டும் வேறு, வெறும் ஜரிகைப் பட்டை. முதலாளி சாலையைக் கடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். நெய்தவரை வரவழைத்தார். அவர் பிள்ளைகள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். அடுத்து முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"நீ எதனா பாத்தியாம்மா? பயப்படாம சொல்லு."

நான் சொன்னேன். வளையல் கடை, எதிர்க் கடைக்காரர், மடித்த தாள், வாங்காத பூ, எல்லாம் சொன்னேன். பார்த்ததைத்தானே சொன்னேன், ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லவில்லை என்று பல வருடம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வாசலில் நான்கைந்து பேர் நிற்கும்போதே முதலாளி வசந்தாவைப் பார்த்துக் கத்தினார். என்ன தாள் அது என்று கேட்டார். அவள் வாயைத் திறக்கவில்லை. சத்தியம் பண்ணிட்டு வித்துட்டியா என்று கேட்டார். அதற்கும் பதில் இல்லை. பதில் இல்லாததே பதில் என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம். சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பினவள் என் பக்கத்தில் மட்டும் ஒரு நிமிஷம் நின்றாள்.

"பேப்பர் குடுத்தத பாத்த இல்ல? என்னாண்ட ஒரு வார்த்த கேக்கக் கூடாதா?"

நான் சேலை மடித்துக்கொண்டே இருந்தேன். ஏற்கெனவே மடித்த சேலை அது.

ஐப்பசி மழையில் ஒரு நாள், கல்யாணப் பெண் வீட்டார் தங்கள் சேலை தறியில் இருப்பதைப் பார்க்க வேண்டும் என்றார்கள். அவர்களை அழைத்துக்கொண்டு ஐயம்பேட்டைக்குப் போனேன். குழித்தறியில் தண்ணீர் ஊறிவிட்டதால் தெரு முழுக்க வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்து வீட்டு மாணிக்கம் என்ற தறிக்காரர் டீ கொடுத்துவிட்டுப் பெருமை பேச ஆரம்பித்தார்.

"இந்தக் கிளி பார்டர் ஓடுது பாருங்க, அது நம்ம கையில வந்ததுதாம்மா. திருநாளுல அம்மன் கட்டிக்கினு வந்தாங்க. பாத்த ஒடனே மனசு கேக்கல. நாலு வீதியும் பின்னாடியே போனேன், கணுவ எண்ணிக்கினே. விபூதி பொட்டலத்துமேலயே வரைஞ்சிக்கினேன்."

"முந்தி?" என்று கேட்டேன்.

"முந்தி எங்கமா தெரியுது? விசிறி மடிப்புல உள்ள போயிடுச்சி, மேல மாலை வேற. அதான் நம்ம இஷ்டத்துக்குப் பட்ட போட்டுட்டேன்."

அவர் முகத்தில் திருட்டுத்தனமே இல்லை. அம்மன் கட்டியது ஊருக்கெல்லாம் பொது என்று அவர் நினைப்பு. டீயை அப்படியே கீழே வைத்துவிட்டேன். கிராஃப் தாள் வெளியே போயிருந்தால் முந்தியும் சேர்ந்துதானே போயிருக்கும்? ஆறு மாதமாகக் கண்ணெதிரே தொங்கிய விஷயம். யார் வாங்குவார், யார் வாங்க மாட்டார் என்று செருப்பைப் பார்த்துச் சொன்ன சிஐடிக்கு அது தெரியவில்லை.

மறுநாள் காலை, முதலாளி அம்மன் படத்துக்கு ஊதுவத்தி காட்டும்போது சொன்னேன். முழுவதும் கேட்டார். ஊதுவத்தியைக் கீழே வைத்தார்.

"அம்மனுக்கு சாத்தினதாலதான் போச்சின்றியா? அம்மனையே சந்தேகப்படச் சொல்றியா என்ன?"

ஊதுவத்தியை மறுபடி எடுத்துக் காட்ட ஆரம்பித்துவிட்டார். அவருக்கு வசந்தா திருடி என்பதுதான் சௌகரியம். வேறு யார்மேல் பழி போட்டாலும் அது சுற்றிச் சுற்றி அவருடைய பக்தியிலேயே வந்து நின்றிருக்கும். பிள்ளையார்பாளையத்துக்குப் போனேன். உடனே அல்ல, இரண்டு வாரம் தள்ளித்தான் போனேன். வீடு பூட்டியிருந்தது. "காலி பண்ணிக்கினு பூட்டாங்கமா, ஆரணி பக்கம்னு சொன்னாங்க" என்றார் பக்கத்து வீட்டம்மா. உண்மையைச் சொல்கிறேன், அந்தப் பூட்டைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது நிம்மதிதான்.

இவ்வளவும் டீசல் புகைக்குள் நின்று நினைத்து முடிப்பதற்குள் அம்மன் அடுத்த வீதிக்குத் திரும்பிவிட்டாள். ஷாலினி, "இரும்மா, ஐஸ்கிரீம் வாங்கினு வர்றேன்" என்று போய்விட்டாள். எனக்கு ஐஸ்கிரீம் ஆகாது என்பது அவளுக்குத் தெரியும். யாரைப் பார்க்கப் போகிறாள் என்று எட்டிப் பார்க்கத் திரும்பினவள், போலீஸ் கட்டியிருந்த கயிற்றின் ஓரம் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு அம்மாளைப் பார்த்தேன். தலை பாதி நரைத்திருந்தது. கும்பிட்டு முடித்த கையால் கன்னத்தில் மூன்று முறை தட்டிக்கொண்டாள். மூன்றாவது தட்டு மட்டும் மெதுவாக, கடையில் அம்மன் படத்தின் முன்னால் வசந்தா தட்டிக்கொள்வாளே, அதே மாதிரி.

"வசந்தா?"

திரும்பினாள். என்னை அடையாளம் கண்டுபிடிக்க அவளுக்கு நேரம் ஆகவில்லை.

"நல்லா இருக்கீங்களா?"

நான் நலம் விசாரிக்கவில்லை. இருபத்தெட்டு வருடமாக வாய்க்குள் வைத்திருந்ததை அப்படியே கொட்டினேன். "நீ செய்யலன்னு எனக்குத் தெரியும் வசந்தா. ஐயம்பேட்டையில ஒருத்தரு அம்மன பாத்தே போட்டிருக்காரு. முதலாளியாண்டகூட சொன்னேன். உன் வீட்டுக்கும் வந்தேன்."

அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"நான் செய்யலன்னு எனக்கு அப்பவே தெரியுங்க" என்றாள்.

குத்தலாகச் சொன்ன மாதிரியும் இல்லை. மணி என்ன என்று கேட்டதற்குச் சொன்ன மாதிரி இருந்தது. எனக்குத்தான் தாங்கவில்லை. அந்தத் தாளைப் பற்றிக் கேட்டேன். கேட்க வேண்டிய கேள்வியை ஒருவழியாகக் கேட்டுவிட்டேன்.

"என் ஜாதகம். அந்த பில் போடறவரோட அக்கா பையனுக்குப் பாத்துக்கினு இருந்தாங்க. எதிர்க் கடைக்காரர் வீட்ல சம்பந்தம்னு தெரிஞ்சா மொதலாளி சும்மா விடுவாரா? அதான் வாயத் தொறக்கல. முடிவாச்சின்னா மொதல்ல உங்களாண்டதான் சொல்லணும்னு வச்சிருந்தேன்."

"அது…"

"நடக்கல. கடையில கத்தினது அவங்க காதுக்கும் போச்சி இல்ல. அப்பறம் ஆரணியில குடுத்தாங்க. ரெண்டு பசங்க, நல்லாதான் இருக்கேன். அழாதீங்க, ஜனம் பாக்குது."

நான் மூக்கைத் துடைத்துக்கொண்டு அவள் போன் நம்பர் கேட்டேன். போன் பையனிடம் இருக்கிறது, நம்பர் மனப்பாடம் இல்லை என்றாள். தோளில் தொங்கிய துணிப்பைக்குள் ஒரு திரை எரிந்து அணைந்ததை நான் பார்த்தேன். பார்க்காத மாதிரி தலையைக் குனிந்துகொண்டேன். "வரேங்க" என்று கயிற்றின் அடியில் குனிந்து அந்தப் பக்கம் போனாள். நீல விளக்கில் கொஞ்சம், பச்சை விளக்கில் கொஞ்சம் அவள் முதுகு தெரிந்தது.

ஷாலினி ஐஸ்கிரீம் வண்டிக்குப் பக்கத்தில் ஒரு உயரமான பையனோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். நான் வருவதைப் பார்த்ததும் அவன் நகர்ந்துவிட்டான். வழக்கமாக நான் ஒன்றும் கேட்க மாட்டேன். முகம், சட்டை, நடை என்று எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு நேராக அவள் அப்பாவிடம்தான் போவேன். அன்று கேட்டேன். கூடியவரை சாதாரணமாகத்தான் கேட்டேன்.

"யாரும்மா அது?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"ஏன், அப்பாகிட்ட சொல்றதுக்கா?"

"இல்லடி. சும்மா, தெரிஞ்சிக்கத்தான்."

"சும்மா கம்பெனில தெரிஞ்சவங்கம்மா. வா, பஸ் பூடும்."

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் அவள் உட்கார்ந்தாள். போன் முணுக்கென்றது, கவிழ்த்துக்கொண்டாள். நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். நாங்கள் வேலை பார்த்த கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் விற்கிறார்கள். முதலாளி போய்ச் சேர்ந்து பல வருடமாகிறது. கிளிக் கரையை இப்போது யாரும் போடுவதில்லை, போட்டாலும் மூன்றாவது கிளியைத் திருப்பிவிடுவதில்லை. அதெல்லாம் போனதில் எனக்குப் பெரிய வருத்தம் ஒன்றும் இல்லை. ஒரு நல்ல செய்தியை முதலில் என்னிடம்தான் சொல்ல வேண்டும் என்று ஒருத்தி வைத்திருந்தாள். இப்போது அப்படி யாரும் இல்லை.